நாலாம் நம்பர் மொட்டு

அந்த மெக்கானிக்கை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒருவராலும் முடியவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் மனைவியை நாலாம் நம்பர் அறைக்குள் கொண்டுபோனார்கள். அப்போது தொடங்கிய நடை. தண்ணீர் கேனிலிருந்து செருப்பு அலமாரி வரை, செருப்பு அலமாரியிலிருந்து தண்ணீர் கேன் வரை, குட்டி போட்ட பூனை மாதிரி. வலி என்னவோ உள்ளே இருப்பவளுக்குத்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இவனுக்குத்தான் பிரசவம் என்று தோன்றியிருக்கும்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வரும் முதல் குழந்தை. அதுவும் போன வாரம் வரைக்கும் வயிற்றுக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு, திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்த குழந்தை. கடைசி ஸ்கேனில் திரும்பிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்கும் பார்க்கலாம்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். அந்த "எதுக்கும்" ஒரு வாரமாக அவனைத் தூங்கவிடவில்லை.

போதாததற்கு ஒரு வாக்கு வேறு கொடுத்திருந்தான். சக்கர நாற்காலியில் உள்ளே போகும்போது மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "குழந்தை பிறந்ததும் நீங்கதான் முதல்ல உள்ள வரணும். உங்க மூஞ்சியைத்தான் நான் முதல்ல பார்க்கணும். எங்கம்மா மூஞ்சியை முப்பது வருஷமா பார்த்தாச்சு."

அந்த அம்மா, அதாவது அவனுடைய மாமியார், வெந்நீர் பிளாஸ்க்கோடு பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். வலியில் இருக்கிற பெண் உளறுவதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளலாமா? மாமியார் வைத்துக்கொண்டாள். "ஆமாமா, நான் யாரு? வெறும் பெத்தவதானே?" என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தவள், அதன் பிறகு மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்தக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

பிரசவ அறைகள் மொத்தம் ஆறு. முன்பெல்லாம் ஆறில் எந்தக் கதவு கொஞ்சம் அசைந்தாலும் போதும், கூடத்தில் இருக்கும் அத்தனை சொந்தபந்தமும் எழுந்து ஓடும். பஞ்சு எடுக்க வந்த நர்சை வழிமறித்து "ஆணா, பொண்ணா?" என்று பிடுங்கி எடுப்பார்கள். பெரிய சிஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பெரிய சிஸ்டர் என்றால் தலைமை நர்ஸ். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், குரலை உயர்த்தினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு நாள் சட்டம் போட்டுவிட்டார்: கதவுப் பக்கம் யாரும் வரக் கூடாது, நர்சிடம் எதுவும் கேட்கக் கூடாது, சேதி டிவியில் வரும்.

அந்தச் சேதி வருகிற அழகே தனி. ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது, படம் வரைவதில் படுகெட்டிக்காரி. கம்ப்யூட்டரின் முகப்பை நம் இஷ்டத்துக்கு அலங்கரித்துக்கொள்ள உதவும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து, தன் டெஸ்க்டாப்பையே ஒரு தோட்டமாக ஆக்கிவிட்டாள். ஆறு அறைக்கு ஆறு கதவு. ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு மொட்டு. குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மா தலையசைத்த பிறகு, அறைச் சுவரில் இருக்கும் பச்சை பட்டனை நர்ஸ் அமுக்குவாள். உடனே அந்தக் கதவின் மொட்டு மெதுவாக இதழ் விரிக்கும். மணி ஒலிக்கிற மாதிரி ஒரு சின்ன இசையும் வரும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் தெரிகிற அதே படம் கூடத்து டிவியிலும் தெரியும். மொட்டு மலர்ந்த குடும்பத்திலிருந்து ஒரே ஒரு ஆள் உடனே உள்ளே போகலாம். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அனுமதி.

இவ்வளவு அருமையான ஏற்பாடு அன்றைக்குக் காலையில் மண்ணைக் கவ்வியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "புதிய பதிப்பு தயார், மாற்றிவிடலாமா?" என்று கம்ப்யூட்டர் நாலாவது முறையாகக் கேட்டதும், தொல்லை விட்டால் போதும் என்று ரிசப்ஷன் பெண் "சரி" என்று அமுக்கிவிட்டுப் போயிருந்தாள். காலையில் வந்து பார்த்தால் தோட்டத்தைக் காணோம், கதவைக் காணோம், மொட்டைக் காணோம். டிவி முழுக்க யாரோ எடுத்த ஒரு ஏரியின் படம். ஓரத்தில் இன்றைய வெயில் எவ்வளவு என்ற தகவல். நடுவில் கொட்டை எழுத்தில், "உங்களுக்காக எல்லாவற்றையும் அழகாக்கியிருக்கிறோம்!"

மொட்டு இல்லாத கூடம் பழைய குணத்துக்குத் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்தாம் நம்பர் அறைக்கு ஒரு பட்டாளமே வந்திருந்தது, அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட தம்பி என்று ஒன்பது பேர். அவர்கள் கதவை முற்றுகை போட்டார்கள். இரண்டாம் நம்பருக்கு வந்திருந்த லாரி டிரைவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது நாலாவது குழந்தை. "அது வர்றப்ப வரும். நாம ஓடினா மட்டும் சீக்கிரம் வந்துடுமா?" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மெக்கானிக் பதினோராவது முறையாக நாலாம் நம்பர் கதவருகே போய் நின்றபோது பெரிய சிஸ்டரிடம் வசமாக மாட்டிக்கொண்டான்.

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இன்னும் நேரம் இருக்கு, போய் உட்காருங்க!"

"இல்ல சிஸ்டர், டாக்டரம்மா 'எதுக்கும்'னு சொன்னாங்க..."

"எதுக்கும் நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏங்க, உங்களுக்கு வேலைவெட்டி எதுவும் கிடையாதா?"

"இருக்கு சிஸ்டர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை."

பெரிய சிஸ்டர் ஒரு நிமிஷம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா! இதை ஏழு மணிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அவன் முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று ரிசப்ஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். "இந்தா, ஆளு கிடைச்சாச்சு. சரி பண்ற வரைக்கும் இவரை எந்திரிக்க விடாதே" என்று அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, ஐந்தாம் நம்பர் பட்டாளத்தைக் கலைக்கப் போனார்.

அவன் பிரச்சினையைக் கேட்டான். கேட்டதும் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் இந்த மாதிரி அலங்கார சாஃப்ட்வேரை அவன் ஜன்ம விரோதியாக நினைப்பவன். கடைக்கு எந்த மிஷின் வந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றி எறிவான். "கம்ப்யூட்டருக்கு எதுக்கு சார் மேக்கப்? என்ன, பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்று வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்வான். இப்போது அவன் குழந்தை பிறந்த சேதியே அந்த மேக்கப் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

"எங்கேம்மா அந்தப் புரோகிராம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இங்கதான் அண்ணா இருக்கு. திறந்தா உடனே மூடிக்குது."

திறந்து பார்த்தான். ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துபோனது. கம்ப்யூட்டரின் புதிய பதிப்புக்கு இந்தப் பழைய அலங்கார சாஃப்ட்வேர் ஒத்துவரவில்லை. அதைச் செய்தவர்களின் தளத்துக்குப் போய்த் தேடினால், நல்லவேளை, புதியது ஒன்று தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி இன்டர்நெட் அதை ஆடி அசைந்து இறக்கித் தருவதற்குள் அவன் இரண்டு முறை எழுந்து நாலாம் நம்பர் கதவைப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் முறை அந்தப் பெண் நாற்காலியைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டாள். "பெரிய சிஸ்டர் என்னைக் கொன்னுடுவாங்க அண்ணா, உட்காருங்க."

புதியதைப் போட்டான். நின்றது, மூடிக்கொள்ளவில்லை. ஆனால் திரையில் தோட்டம் வரவில்லை, வெறும் கறுப்பு.

"போச்சு! ரெண்டு மாசம் ராப்பகலா வரைஞ்சது அண்ணா!" அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுவும் போகாது, இரு. இவங்க ஒரு வீட்டைப் புதுசு பண்றேன்னு வந்தா, பழைய சாமானையெல்லாம் மூட்டை கட்டி எங்கேயாவது ஒரு மூலையில வச்சிருப்பாங்க. பத்து நாளைக்குத் தூக்கிப் போட மாட்டாங்க." அப்படியேதான் இருந்தது. பழைய பதிப்பின் மிச்சமீதிகளைக் கட்டி வைத்திருந்த இடத்தில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புகுந்து போனான். அடியில் 'என் தோட்டம்' என்று ஒரு ஃபோல்டர் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துப் புதிய இடத்தில் வைத்ததும் திரையில் செடிகொடியெல்லாம் குபுகுபுவென்று முளைத்தன.

முளைத்தது சரி. ஆனால் டிவியைப் பார்த்தால் கதவுகள் ஒரு பக்கம், மொட்டுகள் ஒரு பக்கம். ஒரு மொட்டு வானத்தில் தொங்கியது. இன்னொன்று செருப்பு அலமாரிக்கு நேர் மேலே, டிவியின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. லாரி டிரைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என் பிள்ளை மொட்டை மாடியில பொறக்கப் போகுதா?" என்றார். பட்டாளம் கொல்லென்று சிரித்தது.

புதிய பதிப்பு, யாரைக் கேட்டதோ தெரியாது, டிவியில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை மறுபடி நூறு சதவீதத்துக்கு இறக்கினான். மொட்டுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகத் தங்கள் கதவுக்கு மேலே வந்து நின்றன. ரிசப்ஷன் பெண் கைதட்டினாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கால் மணி நேரமாகக் கதவைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அறைக்குள் பட்டனை அமுக்கினால் எந்த மொட்டு விரிய வேண்டும் என்ற பட்டியல் புதிய சாஃப்ட்வேருக்குப் புரியவில்லை. அதைப் புதிதாக எழுத வேண்டும். ஆறே வரிதான். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியது. கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினான்.

"சிஸ்டர், மூணாம் நம்பர் ரூம் காலியாத்தானே இருக்கு? அங்க போய் ஒரு தடவை அமுக்குங்களேன். டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

பெரிய சிஸ்டர் மூன்றாம் நம்பர் அறைக்குள் போனார். பச்சை பட்டனை அமுக்கினார்.

டிவியில் நாலாம் நம்பர் மொட்டு மெதுவாக, அழகாக, இதழ் இதழாக விரிந்தது. மணி ஒலித்தது.

மாமியார் போட்ட சத்தத்தில் தண்ணீர் கேனே நடுங்கியது. "பொறந்துடுச்சு! எம்பொண்ணுக்குப் பொறந்துடுச்சு!" மடியில் இருந்த பிளாஸ்க் உருண்டு ஓடியது. முன்பின் தெரியாத லாரி டிரைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். ஐந்தாம் நம்பர் பட்டாளம் ஒன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களில் யாரோ ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேவிட்டார்கள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் எழுந்து பாதி தூரம் ஓடிவிட்டான்.

அப்போது மூன்றாம் நம்பர் அறைக் கதவைத் திறந்துகொண்டு பெரிய சிஸ்டர் தலையை நீட்டினார். "என்ன, பூத்துச்சா?"

அவன் நின்ற இடத்திலேயே பேயறைந்த மாதிரி நின்றான். என்ன நடந்தது என்று மறுகணமே புரிந்துவிட்டது. நீங்களும் நானும் எண்ணும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். கம்ப்யூட்டர்காரர்கள் சைபரிலிருந்து எண்ணுவார்கள். முதல் மொட்டுக்கு சைபர், இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நாலாவதற்கு மூன்று. பத்து வருஷப் பழக்கத்தில் இவனும் அப்படியே எழுதி வைத்திருந்தான். மூன்றாம் அறையில் அமுக்கியது நாலாவது மொட்டைத் திறந்துவிட்டது.

"அது... அத்தை... அது டெஸ்ட்டுங்க. இன்னும் பிறக்கல. நான்தான் எண்ணும்போது..." என்று மென்று முழுங்கினான்.

மாமியார் லாரி டிரைவரின் கையை விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் மாப்பிள்ளை, விளையாட வேற இடம் கிடைக்கலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். குரல் உடைந்துபோயிருந்தது. பிளாஸ்க்கைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பழையபடி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இருக்கிற பெண்ணை நினைத்து அவளும் அவனைப் போலவே காலையிலிருந்து செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

போய் உட்கார்ந்து ஆறு வரியையும் மாற்றினான். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒன்றிலிருந்து எண்ணினான். பெரிய சிஸ்டர் காலியான அறைகளில் மட்டும் மறுபடி அமுக்கினார். ஒன்றில் அமுக்கினால் ஒன்று பூத்தது. மூன்றில் அமுக்கினால் மூன்று. ஆறில் அமுக்கினால் ஆறு. எல்லாவற்றையும் மறுபடி மொட்டாக்கினான்.

"மத்த மூணையும் ஒரு தடவை பார்த்துடலாமா சிஸ்டர்?"

"ஆளு இருக்கிற ரூம்ல டெஸ்ட்டெல்லாம் கிடையாது. பெத்தாத்தான் அமுக்குவேன்" என்றார் பெரிய சிஸ்டர்.

மறுபடி யாரும் ஏமாறக் கூடாது என்று ரிசப்ஷன் பெண் ஒரு வெள்ளைத் தாளில் "சோதனை நடக்கிறது, யாரும் நம்ப வேண்டாம்" என்று எழுதி டிவிக்குக் கீழே ஒட்டியிருந்தாள். வேலை முடிந்த சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்துவிட்டாள். லாரி டிரைவர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். "குடி தம்பி. மொத தடவைன்னா அப்படித்தான் இருக்கும். என்னைப் பாரு, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்ல?" மெக்கானிக் ஒரு கையில் தன் டீயும் இன்னொரு கையில் மாமியாருக்கான டீயுமாக எழுந்தான். கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தான்.

அப்போது நாலாம் நம்பர் மொட்டு விரிந்தது. மணி ஒலித்தது.

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் டிவியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்கள்.

"இன்னுமா முடியல?" என்றார் பட்டாளத்துச் சித்தப்பா.

"அண்ணா, போதும் அண்ணா. பாவம், அந்தம்மா" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"நான் இல்லைங்க!" என்றான் அவன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடியும் எங்கேயோ எண்ணிக்கை உதைக்கிறது, மூன்றாம் அறையில் யாரோ தெரியாமல் கை வைத்துவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இரண்டு டீயையும் மேஜையில் வைத்துவிட்டு நாலாம் நம்பர் கதவை நோக்கி ஓடாமல், என்ன சொல்ல, கம்ப்யூட்டரை நோக்கி ஓடினான். தொழில் புத்தி எங்கே போகும்?

பட்டியலைத் திறந்தான். ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. நாலுக்கு நாலு. சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி பார்த்தான். எங்கேயாவது ஒரு புள்ளி, ஒரு கோடு தவறியிருக்குமோ என்று திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். இல்லை. பட்டன் அமுக்கிய நேரத்தையெல்லாம் குறித்துவைக்கும் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். கடைசி வரியில் இருந்தது: மணி பதினொன்று நாற்பத்திரண்டு, அறை நாலு. மூன்றாம் அறையில் அரை மணி நேரமாக யாருமே கை வைக்கவில்லை.

"யோவ் தம்பி," லாரி டிரைவர் மேஜை மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உன் ரெண்டு கையிலயும் டீ இருந்துச்சு. நர்சம்மா உள்ள இருக்காங்க. அப்புறம் யாருய்யா அமுக்கினது?"

பத்து வருஷமாக அவன் பார்த்த மிஷின் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தப்பு இருந்திருக்கிறது. தப்பைத் தேடுவதுதான் பிழைப்பு. இப்போது மூன்றாவது முறையும் தேடினான். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, கண் நிறைந்துவிட்டது. தப்பு எதுவும் இல்லை. பட்டியல் சரி. பட்டன் சரி. பூ நிஜம். தாயும் பிள்ளையும் நலம்.

"பொறந்துடுச்சு!" என்று கத்தினான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பட்டாளம் இப்போது கைதட்டிய தட்டில் கூரை பறந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே இன்னொரு மணி ஒலித்தது. இரண்டாம் நம்பர் மொட்டும் விரிந்துகொண்டிருந்தது. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் துள்ளி எழுந்து, "ஐயோ, என்னோடது! என்னோடது! எந்தப் பக்கம், எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வெளிவாசலைப் பார்த்து ஓடினார். ரிசப்ஷன் பெண் அவரைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

மெக்கானிக் நாலாம் நம்பர் அறைக்கு ஓடினான். கதவருகே மாமியார் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. கதவு அரைவாசி திறந்திருந்தது, உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வீல் வீல் என்று அழுதுகொண்டிருந்தது. மாமியார் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி, எதிர்ச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய சிஸ்டர் அவனைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "எங்கய்யா போனீங்க? பூ பூத்து அஞ்சு நிமிஷமாச்சு! இந்தம்மாவை உள்ள போங்கன்னா போக மாட்டேங்கிறாங்க. எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாங்க. 'என் மாப்பிள்ளை வரட்டும், அவர்தான் முதல்ல பார்க்கணும், எம்பொண்ணு சொல்லியிருக்கா'ன்னு சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க."

"அத்தை..." என்றான்.

"பேசிட்டு நிக்காதீங்க, போங்க" என்றாள் மாமியார், திரும்பாமலே. குழந்தை உள்ளே இன்னொரு முறை வீறிட்டது. அவள் தோள் குலுங்கியது. ஆனாலும் திரும்பவில்லை.

அவன் அவள் கையைப் பிடித்தான். "வாங்க அத்தை. சேர்ந்தே போவோம்."

"ஒரு ஆளுதான்!" என்றார் பெரிய சிஸ்டர்.

"சிஸ்டர், காலையிலேர்ந்து உங்க மிஷினுக்கு உழைச்சிருக்கேன்..."

பெரிய சிஸ்டர் அவனைப் பார்த்தார், மாமியாரின் முதுகைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் போட்ட சட்டத்தை அவரே மீறியதாக யாரும் சொன்னதில்லை. "இந்த இரண்டாம் நம்பர் ஆளு எங்க போய்த் தொலைஞ்சார்?" என்று ஊரே கேட்கச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு பேரும் ஒரே கதவுக்குள் முட்டி மோதிக்கொண்டு நுழைந்தார்கள். கட்டிலில் அவள் களைத்துக் கிடந்தாள். தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது, வாயெல்லாம் பல்லாக இருந்தது. மார்பின் மேல் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பொட்டலம். பொட்டலத்துக்கு வெளியே சிவப்பாக ஒரு முகம், இறுக மூடிய ஒரு கை.

"பொண்ணு" என்றாள்.

அவன் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "நல்லா இருக்கியா? நல்லா இருக்காளா? எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

மாமியார் இன்னும் பின்னால்தான் நின்றாள், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு. "அடியே, நான் பின்னாடிதான் இருக்கேன். உன் வீட்டுக்காரர் மூஞ்சியை நல்லாப் பார்த்துக்கிட்டியா? நான் வெளிய வரலாமா?"

கட்டிலில் இருந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் வலித்தது, வலித்தாலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளுக்கு அழுகையும் வந்துவிட்டது. ஒரு கையை அம்மாவுக்கு நீட்டினாள்.

"வாம்மா. நீங்க ரெண்டு பேருமே லேட்டு" என்றாள். "நான் முதல்ல இவ மூஞ்சியைத்தான் பார்த்தேன்."